நாலாம் நாள் விழுந்த சுவர்: ஊர் நகரத்தாருக்கும் ஊராட்சிக்கும் ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டில் உள்ள நம் ஊரின் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) பெருமக்களுக்கும் ஊராட்சி நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

சிவன் கோவிலுக்கு எதிரே உள்ள நம் ஊர்க் குளமான ஊருணியின் செம்புறாங்கல் சுவரை நாலு பக்கமும் இடித்துவிட்டு, கம்பி கட்டிக் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதன்மேல் நடைபாதையும் எவர்சில்வர் கைப்பிடியும் வைக்கப்போவதாகப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கேள்விப்பட்டேன். அப்புறம் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தேன். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம்மூர்க் குடும்பங்கள் புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பக் கணக்குக்கு, இவ்வளவு என்று பேசிப் பணம் போட்டிருக்கிறீர்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வருடத்தில் நாலு நாள் வந்து போகிறவர்கள், ஊர்த் தண்ணீரை நினைத்துக் கொடுத்த பணம் அது. அந்த மனசைக் கும்பிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சுவரை இடிக்காதீர்கள்.

என் தாத்தா இந்த ஊரில் கொத்தனார். அவருடைய அப்பாவும் கொத்தனார். ஊருணிச் சுவரைக் கட்டியது அவர்கள் இல்லை, அது அவர்களுக்கும் முந்தியது. ஆனால் கோடையில் தண்ணீர் வற்றியதும் சுவரைச் சுற்றி வந்து, இணைப்பு விட்டுப்போன இடங்களில் சாந்து அடைத்தது எங்கள் குடும்பம்தான். அதற்கான கூலி, ஊர்ப் பொதுவுக்கு வசூலிக்கும் மகமைப் பணத்திலிருந்து வரும் என்று அப்பத்தா சொல்லும். நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டு இருபத்தாறு வருடமாகக் கட்டட மேற்பார்வை வேலை பார்க்கிறேன். திருப்பூரிலும் துபாயிலும் என் கண்முன்னால் கொட்டிய கான்கிரீட்டுக்குக் கணக்கே கிடையாது. என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது சிமென்ட் வேலை. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை எங்கே போடக்கூடாது என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

போன ஐப்பசி மழையில் கீழக்கரையில் இருபதடி நீளத்துக்குச் சுவர் சரிந்தது. அதைப் பார்த்துத்தான், பழைய சுவர் பலம் இழந்துவிட்டது, மொத்தமாக எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அந்த வாரம் நான் ஊரில் இருந்தேன். நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

மழை மூன்று நாள் கொட்டியது. ஊருணி நிரம்பி, படித்துறையில் மூன்று படிதான் வெளியே தெரிந்தது. அப்போதெல்லாம் சுவர் அசையவில்லை. மழை விட்டதும் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வருகிறது என்று இரண்டு மோட்டார் வைத்து இறைத்தார்கள். இராத்திரி பகலாக ஓடியது. நாலாம் நாள் காலையில், தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தபோதுதான் சுவர் சரிந்தது. வானம் வெளுத்திருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை.

மழையில் நின்ற சுவர் வெயிலில் ஏன் விழவேண்டும்?

ஊருணிச் சுவர் காம்பவுண்டுச் சுவர் மாதிரி இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு பக்கமும் காற்றுதான். ஊருணிச் சுவருக்கு முதுகில் கரைமண், முகத்தில் தண்ணீர். ஊருணி நிறைந்திருக்கும்போது முதுகிலிருந்து ஈரமண் தள்ளும், முகத்திலிருந்து தண்ணீர் தாங்கிக்கொள்ளும். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல. முன்னால் இருக்கிற தண்ணீரை ஒரே நாளில் எடுத்துவிட்டால், பின்னால் ஊறிக் கிடக்கிற மண்ணும் அதற்குள் நிற்கிற தண்ணீரும் சுவரை ஊருணிப் பக்கம் தள்ளும், தாங்க ஆள் இருக்காது. பெரிய அணைகளிலேயே தண்ணீரை மெதுவாக இறக்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நம் சுவரைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும், கரைப்பக்கம் சாய்த்து, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆங்காங்கே கசிவு ஓட்டை விட்டுக் கட்டினார்கள். தண்ணீர் இறங்கும்போது முதுகில் நிற்கிற ஈரமும் அந்த ஓட்டைகள் வழியாக வழிந்து இறங்கிவிடும். சிறு வயதில் வடகரையில் உட்கார்ந்து தூண்டில் போடும்போது சுவரிலிருந்து தண்ணீர் நூல்நூலாக ஒழுகுவதைப் பார்த்திருக்கிறேன். சுவர் அழுகிறது என்று நாங்கள் சொல்வோம். அது தன் பாரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தது என்று புரிய எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டது.

இப்போது அந்த இருபதடிக்கு வருகிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் சுவர் அழகாக இல்லை என்று கீழக்கரையில் ஒரு பகுதிக்கு மட்டும் சிமென்ட் பூசினார்கள். பணம் அதோடு தீர்ந்துவிட்டதால் மற்ற பக்கங்கள் தப்பித்தன. பூசியவர் பெயர் இங்கே வேண்டாம், அவரும் நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். பூச்சில் கசிவு ஓட்டைகள் எல்லாம் அடைபட்டன. நீங்களே போய்ப் பாருங்கள். சிமென்ட் பூச்சு எங்கே தொடங்கியதோ அங்கே சரிவு தொடங்குகிறது, எங்கே முடிந்ததோ அங்கே முடிகிறது. அதே மழை, அதே மோட்டார், அதே வயசு. பூசாத மூன்று பக்கமும், கீழக்கரையின் மீதியும் ஒரு கல்கூட நகராமல் நிற்கின்றன. பலம் இழந்தது எது என்று அந்தச் சுவரே காட்டிவிட்டது.

கல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. ஊருணிக்கு மட்டும் கல் இந்த மண்ணிலேயே வெட்டியது. செம்புறாங்கல்லைத் தோண்டி எடுக்கும்போது கோடாலியால் கொத்திச் சதுரமாக்கிவிடலாம், அவ்வளவு மெத்தென்று இருக்கும். காற்றும் வெயிலும் பட்டு ஈரம் காயக் காய, அதில் இருக்கிற இரும்புச் சத்து இறுகிக் கெட்டியாகிவிடும். உடம்பெல்லாம் துளை துளையாக இருப்பதால் தண்ணீரைக் குடிக்கும், பிறகு வெளியே விடும். அந்தக் கல்லுக்கு ஏற்றது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு கல்லைவிட மென்மையானது. மண் நகர்ந்து விரிசல் வந்தால் இணைப்பில்தான் வரும், கல் பிழைத்துக்கொள்ளும். இணைப்பை அடுத்த கோடையில் அடைத்துவிடலாம். சிமென்ட் அந்தக் கல்லைவிடக் கெட்டி. விரிசல் வந்தால் கல் உடையும். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே தேங்கி, உப்புப் பூத்து, கல்லின் முகம் மாவாக உதிரும். கீழக்கரையில் விழுந்த கற்களில் சிமென்ட் ஒட்டியிருந்த பக்கத்தை விரலால் சுரண்டினாலே கொட்டுகிறது. பின்பக்கம் இன்னும் இரும்பு மாதிரி இருக்கிறது.

தண்ணீருக்குள் சுண்ணாம்பு நிற்குமா என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், தண்ணீருக்குள் இறுகாது. அதனால்தான் நீர்வேலைகளுக்கு நன்றாகச் சுட்ட செங்கலை இடித்துத் தூளாக்கி, அதான் சுர்க்கி, சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தார்கள். அது ஈரத்திலும் இறுகும். 1895ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைக்கே சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்துதான். நம் வளவு வீடுகளில் கண்ணாடிபோல மின்னுகிற பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெண்கருவும் சேர்த்த கதையை எல்லோரும் சுற்றுலா வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். அதே கைகள்தான் ஊருணிக்கும் சாந்து அரைத்தன.

கான்கிரீட் சுவர் நூறு வருடம் நிற்கும் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் நனைந்து, பாதி நாள் காய்கிற இடத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த கான்கிரீட்டை ஒரு கொத்தனார் கரணையோடு வந்து கோடையில் சரிசெய்ய முடியாது. மறுபடி இடிக்கவேண்டும், மறுபடி புள்ளிக்கு இவ்வளவு என்று கேட்கவேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வரைபடத்தைப் பார்த்தபோது என் வயிற்றைப் பிசைந்தது வேறொன்று. அதில் மழைநீரை உள்ளே கொண்டுவருகிற வரத்துக்காலுக்கு வாயே இல்லை. நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் மூடிய சுவர். தரைக்கும் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வரும்? வந்தாலும் எந்த வழியாக நிலத்துக்குள் இறங்கும்?

நம் ஊர்த் தெருக்கள் ஏன் அவ்வளவு நேராக, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து ஊருணியை நோக்கி வருகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? ஓட்டில் விழுகிற மழை முற்றத்துக்கு வரும். முற்றத்திலிருந்து கல் வடிகால் வழியாகத் தெருவுக்கு வரும். தெருக் கால்வாய் வழியாக வந்து, ஊருணிக்கு முன்னால் ஒரு சின்னக் குழியில் மண்ணை இறக்கிவிட்டு, சுவரில் இருக்கிற கல்வாய் வழியாக உள்ளே விழும். ஊருணி நிறைந்தால் மறுகாலில் வழிந்து அடுத்த ஊருணிக்கும், பிறகு கண்மாய்க்கும் போகும். நம் பக்கத்து நிலம் வடமேற்கே மேடு, தென்கிழக்கே பள்ளம், மிஞ்சியதெல்லாம் கடைசியில் கடலுக்குப் போகும். வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்று அரசு 2003ல் சட்டம் போட்டது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே கருவியாகச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 2014ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தபோது, அதில் இடம்பிடித்தது மாளிகை வீடுகள் மட்டும் இல்லை, ஊர் முழுவதும்தான். வீட்டு முகப்பைக் காப்பாற்றிவிட்டு ஊருணியின் வாயை அடைத்தால் அந்தக் கருவி பாதியில் அறுந்துவிடும்.

உங்கள் பெரியவர்கள் சொல்லி நான் கேட்ட கதை ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டுபோன பிறகு, இனித் தண்ணீர் பக்கமே வேண்டாம் என்று இந்த வறண்ட சீமைக்கு வந்து குடியேறினார்கள் என்பார்கள். வீட்டுத் திண்ணையை ஆள் உயரத்துக்கு எடுத்துக் கட்டுவதும் அந்தப் பயத்தினால்தான் என்பார்கள். வெள்ளத்துக்குப் பயந்து வந்தவர்கள் ஆறில்லாத இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கப் பழகினார்கள். தேத்தாங்கொட்டையை உரசி ஊருணித் தண்ணீரைத் தெளியவைத்து ஊரே குடித்தது. ஊர் உண்ணுகிற நீர் என்பதால்தானே அதற்கு ஊருணி என்று பெயர். இன்று காவிரித் தண்ணீர் குழாயில் வீடு தேடி வருகிறது. சந்தோஷம்தான். ஆனால் குழாயில் காவிரி வந்த நாளிலிருந்துதான் ஊருணியை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

சாக்கடைப் பிரச்சினை உண்மையான பிரச்சினை, அதை நான் தள்ளிவிடவில்லை. முன்பெல்லாம் தண்ணீரைச் சுமந்து வந்தார்கள், அளந்து செலவழித்தார்கள். இப்போது வீட்டுக்கு வீடு குழாய். குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் மழைநீருக்கென்று வெட்டிய அதே தெருக் கால்வாயில் இறங்குகின்றன. அது நேராக ஊருணிக்கு வருகிறது. அதனால்தான் வரத்துக்காலை அடைத்துவிடலாம் என்று வரைபடம் போட்டவருக்குத் தோன்றியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாக்கடையை நிறுத்த மழையையும் சேர்த்து நிறுத்தினால் மிச்சம் இருப்பது காலித் தொட்டிதான். ஊருணிக்கு வருகிற தெருக்கள் மூன்றே மூன்று. அந்த மூன்று தெருவிலும் வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி போட்டால் கழிவுநீர் அங்கேயே நின்றுவிடும். ஊராட்சிகளில் தேசிய ஊரக வேலைத்திட்டத்திலேயே உறிஞ்சுகுழிகள் வெட்டியிருக்கிறார்கள். நடைபாதைக்கும் எவர்சில்வர் கைப்பிடிக்கும் ஒதுக்கிய பணத்தை முதலில் இதற்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். பூட்டிக் கிடக்கிற வீடுகளிலிருந்து சாக்கடை வராது. ஆள் இருக்கிற வீடுகளை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று.

அந்தச் சுவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கல் வெட்டியவர்கள், சுமந்தவர்கள், மண் எடுத்தவர்கள் பலர் அந்தப் படித்துறையில் இறங்கித் தண்ணீர் மொள்ள முடியாமல் இருந்த காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்கு ஊருக்கு வெளியே வேறு குட்டை. அப்பத்தா இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். இன்று அந்தப் படிகளில் யாரும் இறங்கலாம், எல்லாப் பிள்ளைகளும் நீச்சல் பழகுகிறார்கள். சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சுவர் இப்போதுதான் சொந்தமாகியிருக்கிறது. அதை இடிப்பதா வேண்டாமா என்பதைப் பணம் போட்டவர்களும் அலுவலகமும் மட்டும் பேசி முடிக்கக்கூடாது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை வருகிறது. ஊருணியை அன்றைக்குப் பொருளாக வையுங்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டுங்கள். காலனித் தெருவிலிருந்து வருகிறவர்களும் பேசட்டும். வெளியூரில் இருக்கிற நீங்களும் அன்று வர முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் எழுதி அனுப்புங்கள்.

நகரத்தார் பெருமக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. புதுச் சுவரில் பணம் கொடுத்தவர்கள் பெயரைக் கருங்கல்லில் வெட்டி வைப்பதாக இருக்கிறது. கொடுத்தவர் பெயர் எழுதுவது தப்பில்லை. ஆனால் மேலக்கரைப் படித்துறையில், தண்ணீர் நன்றாக வற்றும்போது, கீழிருந்து ஐந்தாவது படியில் ஒரு கல்வெட்டு தெரியும். பாசி பிடித்துத் தேய்ந்து எழுத்து பாதி போய்விட்டது. உங்களில் யாரோ ஒருவருடைய பாட்டனார் பெயர் அது. இடிக்கும் திட்டத்தில் அந்தப் படித்துறையும் இருக்கிறது. படைப்பு வீட்டில் வருடந்தோறும் முன்னோரை நினைத்துப் படைக்கிறவர்கள் நீங்கள். அந்தப் படியை ஒருதரம் நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். பொக்லைன் வந்துவிட்டால் அரைமணி நேர வேலை அது.

செய்யவேண்டியது எனக்குத் தெரிந்தவரை பெரிய வேலை இல்லை. விழுந்த கற்களில் ஒட்டியிருக்கிற சிமென்ட் பூச்சைக் கல்லுக்கு அடிபடாமல் உளியால் மெதுவாக எடுக்கவேண்டும். விழுந்த இருபதடியையும் பழைய கல்லை வைத்தே, பழைய சாய்வில், கசிவு ஓட்டை விட்டுக் கட்டவேண்டும். கரையில் முளைத்திருக்கிற ஆலங்கன்றுகளையும் அரசங்கன்றுகளையும் வேரோடு எடுக்கவேண்டும், வெட்டி மட்டும் விட்டால் வேர் இணைப்புக்குள் போய்ச் சுவரைப் பிளந்துவிடும். வரத்துக்காலையும் மண்குழியையும் திறக்கவேண்டும். தூர் எடுக்கும்போது அடியில் இருக்கிற களிமண் படுகையைத் தோண்டிவிடக்கூடாது, அதுதான் தண்ணீரை மெல்ல மெல்ல மட்டும் நிலத்துக்குள் இறங்கவிட்டு, சித்திரை வரைக்கும் பிடித்து வைக்கிறது. பொக்லைன்காரரிடம் இதை யாராவது பக்கத்திலேயே நின்று சொல்லவேண்டும், நான் நிற்கிறேன். இனிமேல் எந்தக் காரணத்துக்காகவும் ஊருணியை மோட்டார் வைத்து ஒரே நாளில் இறைக்கவே கூடாது.

நடப்பதற்கு இடம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கரைமேல் மண்பாதையைச் சமப்படுத்தி, நிழலுக்கு நாலு வேப்பமரம் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தால் போதும். அதற்கு நான் எதிரி இல்லை.

யார் செய்வது என்று கேட்பீர்கள். என் சித்தப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தாத்தாவோடு நின்று சுண்ணாம்பு அரைத்துச் சாந்து பூசியவர். பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிற வேலைகளுக்கு இன்றும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கண் கொஞ்சம் மங்கல், ஆனால் சாந்தை உள்ளங்கையில் எடுத்து உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். இரண்டு இளவட்டக் கொத்தனார்களைக் கூட விட்டால் இந்தக் கோடைக்குள் அவர்களும் பழகிக்கொள்வார்கள். அவர் காலத்துக்குப் பிறகு ஊருணிக்கு ஆள் வேண்டுமே. மேற்பார்வைக்கு நான் கூலி வாங்கமாட்டேன், எழுதியே தருகிறேன்.

விழுந்த கற்களை நானும் அவரும் கார்த்திகையிலேயே சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி, கீழக்கரைப் புளியமரத்தடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். முழுக்கல் நூற்றுப் பதினெட்டு, உடைந்தது முப்பதுக்கும் குறைவு. தயவுசெய்து அவற்றை யாரும் ரோட்டுக்குக் கொட்ட எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி ஊறப்போட்டால்தான் பங்குனியில் வேலை தொடங்கி, அடுத்த மழைக்குள் இணைப்பெல்லாம் இறுகும். அதற்காக மரத்தடிக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி வெட்டச் சித்தப்பா இடம் பார்த்து வைத்திருக்கிறார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் காலையில் வெட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
ஊருணிக்கரைக் கொத்தனார் வீட்டுப் பேரன்